ஒரு மடக்குத் தண்ணீரும் பதினேழாம் விதியும்

என் மாமனாருக்கு மூளை குழம்பிவிட்டது என்று தம்பெரே நகரம் முடிவு செய்தது. அப்படி முடிவு செய்யும் விதியை எழுதியவன் நான். இதை ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் நான் கொஞ்சம் நல்லவனைப் போல நடந்துகொள்ளும் இடங்கள் வரும். அப்போது இதை மறந்துவிட வேண்டாம்.

தம்பெரே பின்லாந்தில், இரண்டு ஏரிகளுக்கு நடுவே இருக்கும் ஊர். இங்கே பஸ்ஸுக்கு நம்பர் இல்லை, போர்டு இல்லை, ஸ்டாப் இல்லை. எட்டு வருடங்களுக்கு முன்பே எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை இருக்கும். வாசலைத் தாண்டும்போது அது உங்கள் மொழியில் ‘எங்கே செல்கிறீர்கள்?’ என்று கேட்கும். இடத்தைச் சொல்லிவிட்டுத் தெருமுனைக்கு நடந்தால், ஆறு பேர் உட்காரும் வண்டி ஒன்று ஓட்டுநர் இல்லாமல் வந்து நிற்கும். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் போல்கு. அவர்கள் மொழியில் ஒற்றையடிப் பாதை என்று அர்த்தம். நான் அங்கேதான் வேலை பார்க்கிறேன்.

போல்கு இல்லாமல் ஒரு வெளியூர்க்காரன் இங்கே நகர முடியாது. தெருப் பெயர்ப் பலகைகளைக்கூடக் கழற்றிவிட்டார்கள், படிக்க ஆள் இல்லை என்று. யாரிடமாவது வழி கேட்கலாம் என்றால், முதலில் அவருக்கு வழி தெரிந்திருக்க வேண்டுமே.

இந்த ஊருக்குத்தான் என் மாமனார் ஆவுடையப்பன் ஜனவரி மாதத்தில், பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரிக் குளிரில், குரங்குக் குல்லாவோடு வந்து இறங்கினார். பாளையங்கோட்டைக்காரர். முப்பத்தொரு வருடம் அரசு பஸ்ஸில் கண்டக்டர். மாமியார் சண்முகவடிவு இறந்து ஒன்றரை வருடம் தனியாகவே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரே மகள் கோமதி, அதாவது என் மனைவி, தினமும் போனில் அழுது அவரைச் சம்மதிக்க வைத்தாள்.

விமான நிலையத்திலிருந்து வந்த முதல் வண்டியை அவர் மேலும் கீழும் பார்த்தார்.

“இதுக்கு போர்டு எங்க மாப்ள?”

“போர்டு கிடையாது மாமா. நாம சொல்ற இடத்துக்குப் போகும்.”

“ரூட்டு?”

“ஏறினவங்க எங்கெங்க போகணுமோ அதைப் பாத்து அதுவே வழி போட்டுக்கும்.”

“கண்டக்டரு?”

நான் அவர் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தேன். அவர் ஏறி உட்கார்ந்ததும் பழக்க தோஷத்தில் பக்கத்துத் தகட்டில் இரண்டு தட்டு தட்டினார். அதே நேரம் பார்த்து வண்டி கிளம்பியது. தான் தட்டியதால்தான் கிளம்பியது என்று ஒரு திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

காலையில் நானும் கோமதியும் ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவோம். அவள் மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். மாமா ஒன்பதரைக்குத் தனியாகக் கிளம்புவார். ஒரே மாதத்தில் ஊரைக் கைக்குள் கொண்டுவந்துவிட்டார். தெருப் பெயர் எதுவும் அவர் வாயில் நுழையவில்லை. நுழைய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. மஞ்சள் சுவர் வீடு, ஜன்னலில் பூனை படுத்திருக்கும் வீடு, பழைய நூற்பாலைப் புகைபோக்கி, ஸ்வெட்டர் போட்ட நாயோடு ஒருவர் பத்தேகாலுக்குத் திரும்பும் முனை, இவையெல்லாம் அவருடைய கண்டக்டர் கணக்கில் ஒவ்வொரு ஸ்டேஜ். அந்த நாய்க்காரர் யாரிடமும் பேசாதவர். இவர் தினமும் ஒரு சல்யூட் அடித்து அடித்து, அவரும் இப்போது பதிலுக்குத் தலையாட்டுகிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் நடந்துகொண்டிருந்தபோது குளிரில் என் பட்டை செத்துப்போனது. நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன்.

“என்ன மாப்ள நின்னுட்டிய?”

“பட்டை போச்சு மாமா. வீடு எந்தப் பக்கம்னு தெரியல.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “சரி, உங்க ஆபீசு எந்தப் பக்கம்?”

எனக்கு அதுவும் தெரியவில்லை. எட்டு வருடமாக வண்டிக்குள் தலையைக் குனிந்துகொண்டு போய் வந்தவன் நான்.

“அந்தா, புகைபோக்கிக்குப் பின்னால. நடந்தா இருவது நிமிசம்,” என்று முகவாயால் காட்டினார். “நம்ம வீடு பூனை ஜன்னலுக்கு இந்தப் பக்கம். வாங்க, கைய வேணும்னா பிடிச்சுக்கிடுங்க.”

அதற்கு மறுநாள்தான் நகரத்திலிருந்து கடிதம் வந்தது. ‘ஆவுடையப்பன் என்னும் குடியிருப்பாளர் தொடர்ந்து நாற்பத்தொரு முறை புறப்பாட்டுக் குழப்பம் காட்டியுள்ளார். பதினேழாம் விதியின்படி ஆரஞ்சுக் குறி இடப்பட்டுள்ளது.’

கோமதி கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். “புறப்பாட்டுக் குழப்பம்னா என்ன?”

“மறதி நோய் ஆரம்பிக்கறவங்க வெளிய கிளம்புவாங்க. வாசலைத் தாண்டினதும் எதுக்குக் கிளம்பினோம்னு மறந்துடும். திரும்பி வந்து உக்காருவாங்க, தண்ணி குடிப்பாங்க, மறுபடி கிளம்புவாங்க. ரெண்டாவது தடவை எங்கன்னு சொல்ல மாட்டாங்க. நாப்பது நாளுக்கு மேல தொடர்ந்து இப்படி ஆச்சுன்னா ஆரஞ்சு.”

“தண்ணி குடிக்கறது எப்படித் தெரியும்?”

“கை தூக்கற விதத்தை வெச்சு.”

“யாரு எழுதினது இதை?”

நான் கூரையைப் பார்த்தேன்.

“நல்லா எழுதியிருக்கீங்க,” என்றாள் கோமதி.

ஆரஞ்சு விழுந்தால் எந்த வண்டியும் துணையில்லாமல் ஏற்றிக்கொள்ளாது. அது கூடப் பரவாயில்லை. பிள்ளைகளோடு தங்கப் பெற்றோருக்குத் தரும் அனுமதியில் வந்தவர் தனியாக நடமாடக்கூடியவராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. குறி நீங்காவிட்டால் ஏப்ரல் கடைசியில் அனுமதி முடிந்துவிடும். அவர் பாளையங்கோட்டையில் அந்தப் பூட்டிய வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

“அப்பா போனா நானும் போயிருவேன்,” என்றாள் கோமதி. கோபத்தில் சொல்லவில்லை. நிதானமாகத்தான் சொன்னாள்.

மாமாவைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

“வாசல்ல கால வைக்கும்போதே எங்கன்னு கேக்கா, அந்த ரேடியோக்காரி. கெளம்புறவன எங்கன்னு கேட்டா போற காரியம் வெளங்குமா? திரும்ப வந்து செத்த உக்காந்து, ஒரு மடக்குத் தண்ணி குடிச்சிட்டுத்தான மறுபடி கெளம்பணும். தெனமும் அதத்தான் செய்யுதேன். ரெண்டாவது தடவ அவளும் வாய மூடிக்கிடுதா. தெருமுனைக்குப் போயி, எங்க போணும்னு நானே சொல்லிருதேன்.”

திரும்பி வந்தவர் களைத்திருப்பார் என்று பத்து நிமிடம் கேள்வியை நிறுத்தி வைப்பதும் என் விதிதான்.

“மாமா, முப்பத்தொரு வருஷம் ஊரையே எங்க எங்கன்னு கேட்டவர் நீங்க.”

“அது வண்டிக்குள்ள மாப்ள. ஏறினவன் பொறப்பட்டுட்டான், அவன்ட்ட கேக்கலாம். வாசப்படியில கேக்கப்பிடாது.”

நான் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் உறைத்தது. சேலத்தில் என் அம்மாவும் இதைத்தான் செய்வாள். நான் பரீட்சைக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டு மாமி ‘எங்கே?’ என்று கேட்டுவிட்டால், கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பாள். எத்தனை தடவை குடித்திருக்கிறேன். பதினேழாம் விதியை எழுதிய அந்த ஆறு வாரங்களில் ஒரு நாள்கூட அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் ராய்லியிடம் போனேன். ராய்லி எங்கள் பாதுகாப்புப் பிரிவின் தலைவி. ஐம்பது வயது, அளந்து பேசுவாள். பதினேழாம் விதி வேண்டும் என்று கேட்டது அவள்தான். அதற்கு முன்பு போல்கு தெருமுனையில்தான் இடம் கேட்டது. கேள்வியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்ததும் அவள்தான். அவளுடைய அப்பா ஒரு ஏப்ரல் மாதத்தில் உருகும் பனிமேல் நடந்து ஏரிக்குள் போய்விட்டார் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

“அது எங்கள் வழக்கம், நோய் இல்லை,” என்றேன்.

“எல்லாக் குடும்பமும் அப்படித்தான் சொல்கிறது,” என்றாள். “கையுறையை மறந்துவிட்டுத் திரும்பி வருவது அப்பாவின் வழக்கம் என்றுதான் என் அம்மாவும் சொன்னாள். இந்த விதியால் போன குளிர்காலத்தில் ஒன்பது பேர் உயிரோடு வீடு திரும்பினார்கள். உன் மாமனாருக்காக அதை நான் தளர்த்த முடியுமா?”

முடியாது என்று எனக்கே தெரிந்தது.

“நானே வீட்டுக்கு வருகிறேன்,” என்றாள். “என் கண் முன்னால் மூன்று தடவை அவர் திரும்பாமல் வாசலைத் தாண்டட்டும். குறியை எடுத்துவிடுகிறேன்.”

மூன்று தடவை வாசலைத் தாண்டுவது பெரிய விஷயமா என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. பட்டை கேட்கும். அவர் கால் நிற்கும். திரும்பி வந்து செருப்பு அலமாரிப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். கோமதி கெஞ்சினாள், அதட்டினாள், கடைசியில் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தாள். பஞ்சு வைத்தாலும் பட்டை அதிர்ந்தது. அவர் நின்றார்.

“எப்பா, ஒரே ஒரு நாளு. அது பாட்டுக்குக் கேக்கட்டும், நீங்க பாட்டுக்குப் போங்க. உங்களுக்கு இங்க இருக்கப் பிடிக்கலையா?”

“பிடிக்காமயா இந்தக் குல்லாவப் போட்டுக்கிட்டு அலையுதேன்? கால் நகர மாட்டேங்கு கோமு. நான் என்ன செய்யட்டும்?”

அவள் சமையலறைக்குள் போனதும் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினேன். “மாமா, உங்க பட்டையில மட்டும் அந்தக் கேள்வி வராம நான் செஞ்சுட முடியும். ஒரு வரிதான். யாருக்கும் தெரியாது.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “டிக்கெட் இல்லாம ஏறச் சொல்லுதியளா மாப்ள?”

அதற்கு மேல் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ராய்லி வந்தாள். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றி வைத்தாள். மாமாவுக்கு அது பிடித்திருந்தது. “மரியாதை தெரிஞ்ச பிள்ள,” என்று என்னிடம் சொன்னார். அவரே டிகாஷன் இறக்கிக் காபி போட்டுக் கொடுத்தார். பால் சேர்க்காமல் காபி குடிக்கும் ஊர் இது. அவள் மறுக்காமல் அடிவரை குடித்தாள்.

பிறகு பையிலிருந்து தொடுதிரைப் பலகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “முதல் தடவை,” என்றாள்.

மாமா பூட்ஸ் மாட்டினார், கோட் மாட்டினார், குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டார். கதவைத் திறந்தார். ஒரு கால் வெளியே போனது.

“எங்கே செல்கிறீர்கள்?” என்றது பட்டை, செய்தி வாசிப்பவரின் தமிழில்.

அவர் முதுகு மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது. முழு அரை நிமிடம் அப்படியே நின்றார். குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது. கோமதி என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். அவர் போய்விடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கால் உள்ளே வந்தது. பெஞ்சில் உட்கார்ந்தார். தம்ளரை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார்.

ராய்லி பலகையில் ஏதோ குறித்தாள். கோமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“ஏன் என்று அவரையே கேள்,” என்றாள் ராய்லி என்னிடம். “வழக்கம் என்ற பதில் எனக்கு வேண்டாம்.”

கேட்டேன். மாமா குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“எனக்கு ஒரு வாரம் டவுன் பஸ் டூட்டி, ஒரு வாரம் மதுரை, நாகர்கோவில்னு போடுவான். காலையில கெளம்பும்போது கோமு அம்மா என்னைய எங்கன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. தூரமான்னுதான் கேப்பா. தூரம்னா ரெண்டு வேளச் சோறு கட்டுவா, பக்கம்னா ஒரு வேள. முப்பது வருசம் அப்படித்தான். கடேசி நாளு அவதான் கெளம்புனா, ஆசுபத்திரிக்கு, பிரஷர் பாக்க. நான் என் சட்டையத் தேடிக்கிட்டு இருந்தேன். கிடைக்காத எரிச்சலு. ‘எங்க கெளம்பிட்ட?’ன்னு வாசல்ல வச்சுக் கேட்டுட்டேன். அவ சிரிச்சா. ‘நல்லாக் கேட்டிய போங்க, பஸ்ஸு வந்துட்டு’ன்னு உள்ள வந்து உக்காராமப் போயிட்டா. பஸ் ஸ்டாண்டுல விழுந்துட்டா.”

அம்மா பஸ் ஸ்டாண்டில் விழுந்தது கோமதிக்குத் தெரியும். இந்தக் கேள்வி அவளுக்குத் தெரியாது. அவள் எழுந்து போய் அவர் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“கேட்டதாலதான் போயிட்டான்னு நான் சொல்ல வரல மாப்ள. முப்பத்தொரு வருசம் ரோட்டுல கெடந்தவன், எனக்குத் தெரியாதா. ஆனா வாசல்ல அந்த வார்த்த காதுல விழுந்தா கால் மரத்துப் போவுது. அவ்வளவுதான். இத எழுதிக்கிடச் சொல்லுங்க.”

நான் மொழிபெயர்த்தேன். இரண்டு இடங்களில் நிறுத்திச் சொல் தேட வேண்டியிருந்தது. ராய்லி காத்திருந்தாள். நான் முடித்த பிறகும் அவள் எழுதவில்லை.

“அவரிடம் சொல்,” என்றாள் கடைசியில். “என் அப்பா கிளம்பும்போது நான் சமையலறையில்தான் இருந்தேன். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. எங்கே போகிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏரிக்கு என்று சொல்லியிருப்பார். பனி மெலிந்துவிட்டது, வேண்டாம் என்று நிறுத்தியிருப்பேன்.”

“என்ன சொல்லுதாவ?” என்றார் மாமா.

சொன்னேன். அவர் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“அப்பாவக் கேக்காம விட்டுட்டமேன்னு இந்தப் பிள்ள ஊரு முழுக்கக் கேட்டுக்கிட்டு இருக்கு,” என்றார். அந்தக் குரலில் ரேடியோக்காரி மேல் இருந்த கோபமெல்லாம் போயிருந்தது. “ஏரியில அவுக அப்பாவுக்கு என்ன சோலின்னு கேளுங்க.”

பனியில் துளை போட்டு மீன் பிடிப்பார், அறுபது வருடமாக ஒரே இடத்தில், என்றாள் ராய்லி.

“அப்ப மனுசன் வழி தெரியாமப் போகல. நல்லாத் தெரிஞ்சுதான் போயிருக்காரு. அவரு வழிய மறக்கல, அந்த வருசம் பனிதான் முந்தியே உருகிட்டு. அதச் சொல்லுங்க மொதல்ல.”

சொன்னேன். ராய்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பத்து வருடத்தில் அவள் கண்ணைத் துடைத்து நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன்.

பிறகு மாமாதான் மறுபடி ஆரம்பித்தார். டிக்கெட் தகராறைத் தீர்த்து வைப்பவரைப் போல இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு பேசினார்.

“கேக்க வேண்டாம்னு நான் சொல்லல. கேக்கத்தான் வேணும், வீட்டுல இருக்குறவளுக்குத் தெரியணும்லா. தூரமான்னு கேக்கச் சொல்லுங்க. பக்கம்னா மத்தியானச் சோத்துக்கு வந்துருவேன். வரலன்னா தேடணும். தூரம்னா ராத்திரி வரைக்கும் தேட வேண்டாம். எந்நேரத்துக்குத் தேடணும்னு தெரிஞ்சாப் போதாதா? எங்க போறேன்னு எதுக்கு?”

நான் இதை மொழிபெயர்த்தபோது ராய்லியின் முகத்தில் அலுவலகம் திரும்பி வந்தது. “எப்போது தேட ஆரம்பிக்க வேண்டும்,” என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். “நமக்கு வேண்டியது அதுதான், இல்லையா?”

“அதுதான்,” என்றேன்.

“புறப்படுகிறவரிடம் கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது. எந்தக் கேள்வி என்று சொல்கிறதா?”

நான் எழுதிய விதி. எனக்கு மனப்பாடம். “இல்லை.”

அவள் எழுந்தாள். மாமாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பட்டையின் குரலை அணைத்தாள். “அந்த வார்த்தையை எனக்குச் சொல்லிக் கொடு,” என்றாள். சொல்லிக் கொடுத்தேன். ஐந்தாறு தடவை சொல்லிப் பழகினாள். மாமா குல்லாவைப் போட்டுக்கொண்டு கதவருகே போய்த் தயாராக நின்றார்.

“தூரமா?” என்றாள் ராய்லி, வாசலில் நின்றுகொண்டு.

“இல்லம்மா, பக்கந்தான்,” என்றார் மாமா. வாசலைத் தாண்டிப் படியிறங்கிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

ஐந்து நிமிடத்தில் வந்தார். இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை போனவர் வரவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று, இருபது ஆயிற்று. கோமதி கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்தாள். ராய்லி கடிகாரத்தைப் பார்த்தாள், ஆனால் உட்கார்ந்தே இருந்தாள். “பக்கம் என்றுதானே சொன்னார். மத்தியானம் வரை பொறுக்கலாம்,” என்றாள். நாற்பதாவது நிமிடம் மாமா ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். பூனை ஜன்னலுக்கு எதிர்க்கடையில் ஏலக்காய் போட்ட பன் நன்றாக இருக்குமாம். வீட்டுக்கு வந்த பிள்ளையை வெறும் காபியோடு அனுப்புவதா என்று வாங்கப் போயிருக்கிறார்.

ராய்லி பன்னைச் சாப்பிட்டுக்கொண்டே ஆரஞ்சுக் குறியை எடுத்தாள்.

அடுத்த வாரமே அவருடைய பட்டையில் கேள்வியை மாற்றினோம். இந்த முறை திருட்டுத்தனமாக இல்லை, ராய்லியின் கையெழுத்தோடு. பக்கம் என்றால் மூன்று மணி நேரம், தூரம் என்றால் பன்னிரண்டு. அதற்குள் திரும்பாவிட்டால் வீட்டுக்குச் செய்தி வரும். வேண்டுமென்கிற யாரும் இந்தக் கேள்வியைத் தேர்ந்தெடுக்கலாம் என்றும் அறிவித்தோம். நம் ஆட்கள் சிலர் மாறுவார்கள் என்று நினைத்தேன். பின்லாந்துக்காரர்கள்தான் அதிகம் மாறினார்கள். போகிற இடத்தைச் சொல்லப் பிடிக்காதவர்கள் இந்த ஊரில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அதற்கு முன் எங்களுக்குத் தெரியாது. நாய்க்காரரும் மாறியிருக்கிறார் என்று மாமா சொன்னார். அவர் எப்படித் தெரிந்துகொண்டார் என்று நான் கேட்கவில்லை.

அனுமதி கிடைத்தது. ஜூன் மாதத்தில் மாமா, மாமியாரின் திதிக்கு ஊருக்குப் போக வேண்டும் என்றார். திதி முடிந்து வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டு, ஆகஸ்டில் திரும்பி வருவதாக ஏற்பாடு. போக வர இரண்டுக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று. ஆனாலும் கிளம்பும் நாளன்று எங்கள் இருவருக்கும் முகம் சரியில்லை. போனவர் திரும்பி வராமலே இருந்துவிட்டால் என்று ஒரு பயம்.

காலை பத்து மணிக்குப் பெட்டியோடு வாசலில் நின்றார். கால் வெளியே போனது.

“தூரமா?” என்றது பட்டை.

அவர் எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தார். கோமதி அழுகிற நிலையில் இருந்தாள்.

“பக்கந்தான்,” என்றார்.

அன்று மதியம் ஒரு மணிக்கு என் போனில் செய்தி வந்தது. ‘பக்கத்தில் சென்றவர் இன்னும் திரும்பவில்லை. தேடலாமா?’ கீழே இரண்டு பொத்தான்கள்: தேடு, வந்துவிடுவார். இரண்டாவதை அழுத்தினேன். மறுநாளும் ஒரு மணிக்கு வந்தது. அதற்கு மறுநாளும். ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஏணி மேல் நின்று சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கும் மனிதரை, போல்கு தினமும் பூனை ஜன்னல் பக்கம் தேடிக்கொண்டிருந்தது.

இந்தச் செய்திகள் ராய்லியின் பலகையிலும் விழும். நாற்பதாவது நாள் என் மேஜைக்கு வந்தாள். “அவர் இந்தியாவில் இருக்கிறார் என்று பதிவு செய்துவிட்டால் இது நின்றுவிடும். ஒரு வரிதான்,” என்றாள்.

“தெரியும்.”

“எழுதவா?”

நான் தலையசைத்தேன், வேண்டாம் என்று. “இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இன்றும் வந்தது. அழுத்தினேன். சாயங்காலம் மாமா போன் செய்தார். வெள்ளையடித்து முடிந்துவிட்டதாம். கோமதியின் அறைக்கு மட்டும் இளம்பச்சை அடித்திருக்கிறாராம். திரும்பி வர இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, தினமும் கேட்பதைக் கேட்டார்.

“இன்னைக்கும் தேடுச்சா மாப்ள?”

“தேடுச்சு மாமா.”

“தேடட்டும், தேடட்டும்,” என்று சிரித்துவிட்டு போனை வைத்தார்.